ஆள் அக்கரையில், பொறுப்பு இக்கரையில்!



சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் பிள்ளைகள் இருக்கும் வணிகக் குடும்பங்கள் நம் சங்கராபுரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் இன்று பல உண்டு. மகளின் பிரசவத்துக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்க என்று கடைக்காரர்கள் மூன்று மாதம், ஆறு மாதம் அங்கே போய்த் தங்கி வருகிறார்கள். மகிழ்ச்சிதான். கல்லாவில் யார் உட்காருவது, கடன் பாக்கியை யார் வசூல் செய்வது, சரக்கு வந்தால் யார் கணக்குப் பார்த்து இறக்குவது என்றெல்லாம் பத்து நாள் யோசித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ஆனால் கொட்டகையில் நிற்கும் காரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கேட்டால், "ஓடாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ்? திரும்பி வந்து கட்டிக்கொள்ளலாம்" என்கிறார்கள். இந்தச் சிக்கனம் நம்மைக் கடனில் தள்ளக்கூடியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. பிறரை ஓட்ட வைப்பதும், ஓட்ட விடுவதும் கூடாது என்கிறது. 2019-இல் செய்த திருத்தத்தின்படி முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. மறுமுறை என்றால் அபராதம் 4,000 ரூபாய். இது சின்ன விஷயம். பெரிய விஷயம் விபத்து இழப்பீடு.

ஒரு மளிகைக் கடைக்காரர் ஆறு மாதத்துக்கு மகனிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் காரின் காப்பீடு முடிகிறது. வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி. தம்பி மகன் சாவியை எடுத்து கள்ளக்குறிச்சிக்கு விரைகிறான். வழியில் ஒரு சைக்கிள்காரர் மீது வண்டி மோதிவிடுகிறது. பையன் செய்தது தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தலையில்தான் அது விழும். உயிர் போனாலோ, கை கால் போனாலோ இழப்பீடு பல லட்சங்களுக்குப் போகும். கட்டத் தவறினால், அதே சட்டத்தின் 174-வது பிரிவுப்படி மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். கடையும் வீடும் இருப்பவன் எங்கே தப்பிப்பது? அடிபட்டவர் குடும்பமும் பாவம், பணத்துக்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

இதைத் தவிர்க்க ஆகும் செலவு எவ்வளவு? 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 3,416 ரூபாய், வரி தனி. ஒரு மூட்டை துவரம் பருப்பின் விலைகூட இல்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஐந்தாண்டு ஓட்டியவருக்கு, சொந்தச் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை நோ கிளைம் போனஸ் கழிவு கிடைக்கும். காப்பீடு முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அந்தக் கழிவு முழுவதும் போய்விடும். ஆறு மாதம் கழித்து வந்து கட்டுகிறவர் மிச்சம் பிடித்ததாக நினைக்கிறார். சேர்த்து வைத்ததை இழந்திருக்கிறார். 2018 செப்டம்பர் முதல் வாங்கிய புதுக் கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு இருப்பதால் சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அதில் சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். தேதியைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? வழி இரண்டு.

வீட்டில் யாராவது வண்டியை எடுப்பார்கள் என்றால், புறப்படும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். ஓட்டுபவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். "அங்கிருந்தே செல்போனில் கட்டிவிடுவேன்" என்று நம்ப வேண்டாம். ஓ.டி.பி. இங்குள்ள எண்ணுக்கு வரும். அந்த எண் அங்கே வேலை செய்யாமலும் போகலாம்.

யாருமே எடுக்கப் போவதில்லை என்றால், நம்மில் பலர் அறியாத வசதி ஒன்று உண்டு. 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண விதிகளில், தொடர்ந்து இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஓடாமல் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். முன்கூட்டியே பதிவுத் தபாலில் எழுதிக் கொடுத்தால், அந்தக் காலத்துக்குத் தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கு மட்டும் பாதுகாப்பு நீடிக்கும். மற்றப் பொறுப்பு நிறுத்தி வைக்கப்படும். அதற்கு ஈடாகப் பிரீமியத்தில் சலுகையோ காலநீட்டிப்போ கிடைக்கும். ஆனால் எச்சரிக்கை: அந்த நாட்களில் வண்டியைத் தெருவில் இறக்கினால் பாதுகாப்பு கிடையாது. எனவே பேட்டரி இணைப்பைக் கழற்றி, இரண்டு சாவியையும் பீரோவில் பூட்டுங்கள். மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிறுத்த வேண்டாம், எலி ஒயரைக் கடித்து வைக்கும். திரும்பி வந்ததும் மறுபடி எழுதிக் கொடுத்த பிறகே ஓட்ட வேண்டும்.

"போகிறபோதே விற்றுவிடுகிறேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று எண்ணாதீர்கள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2007-இல் விற்ற கார் பல கை மாறியது. 2009-இல் விபத்து நடந்தபோதும் ஆர்.சி.யில் பழைய பெயரே இருந்தது. பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாறிய பின்பே பெட்டியைக் கட்டுங்கள்.

அக்கரையில் கார் ஓட்டுவது பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பாலிசி இந்திய எல்லைக்குள் மட்டும் செல்லும். நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றுக்கு மட்டும் கூடுதல் பணம் கட்டி நீட்டிக்கலாம். சொந்தக் காரில் முக்திநாத் யாத்திரை போகிறவர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். ஐரோப்பாவில் 1953 முதல் பச்சை அட்டையும், அரபு நாடுகளில் 1975-இல் செய்த ஒப்பந்தத்தின்படி ஆரஞ்சு அட்டையும் எல்லை தாண்டும் வண்டிகளுக்கு வழக்கத்தில் உள்ளன. மகனின் காரை நீங்கள் ஓட்டுவதானால், அந்த ஊர்ப் பாலிசி உங்களையும் ஏற்கிறதா என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள். இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குத்தான் செல்லும். அங்கே பல ஆண்டு கார் வைத்திருந்து ஊர் திரும்பும் பிள்ளைகள், அந்த நாட்டுக் கம்பெனியிடம் நோ கிளைம் சான்று வாங்கி வரட்டும். அங்குள்ள பாலிசி முடிந்து மூன்றாண்டுக்குள் இங்கே புதிதாக எடுத்தால், அந்தக் கழிவை இங்கேயும் பெற விதியில் இடமுண்டு.

இவ்வளவும் விதியில் இருந்தும் நமக்குத் தெரியாமல் போனது ஏன்? பாலிசியின் ஷரத்துகள் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பிரீமியம் வாங்குவதில் காட்டும் அக்கறையை, வண்டியை நிறுத்தி வைக்கும் வசதியைச் சொல்வதில் யாரும் காட்டுவதில்லை. எடை குறைந்தால் நம்மைக் கேட்க அதிகாரி வருகிறார். பொட்டலத்தில் விலையும் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறார். அது நியாயமே. பாலிசி விற்பவர்களுக்கும் அதே நியாயம் வேண்டும். முக்கிய ஷரத்துகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு பாலிசியோடும் கொடுக்க வேண்டும் என்று நம் சங்கம் கம்பெனிகளை வற்புறுத்த வேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். உறுப்பினர்களின் வண்டிக் காப்பீடு முடியும் தேதிகளைச் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்து, பதினைந்து நாள் முன்னதாக வீட்டுக்கு நினைவூட்டலாம். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு குயர் நோட்டும் கொஞ்சம் அக்கறையும் போதும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.