கெஜட்டியரே ஊர் வரலாறு ஆகிவிடுமா?

இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் வரலாறு வேண்டுமானால், பழைய கெஜட்டியரில் அந்தப் பாரிஷின் பக்கத்தைப் படித்தால் போதும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். வரலாற்றுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் இதை மறுக்கிறேன்.

சாமுவேல் லூயிஸ் 1831இல் கொண்டுவந்த இட அகராதியும், ஜான் மாரியஸ் வில்சனின் 1870-72 கெஜட்டியரும் பெரும் உழைப்பு. ஆனால் ஒரு பாரிஷைப் பற்றி அவை சொல்வது என்ன? சந்தை ஊர் எத்தனை மைல், ஏக்கர் எத்தனை, வீடு எத்தனை, தலை எத்தனை, பாதிரியாருக்கு வருமானம் எவ்வளவு, அவரை நியமிக்கும் உரிமை யாருக்கு. காசு கொடுத்துப் புத்தகம் வாங்க முடிந்தவர் கேட்கும் கேள்விகள் இவை. ஏர் பிடித்தவரின் கேள்வி இதில் ஏது?

ஹெல்ப்ஸ்டன் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1809இல் வந்த வேலியடைப்புச் சட்டம் அந்த வட்டாரத்தின் மேய்ச்சல் வெளியையும் பொதுநிலத்தையும் தனியார் சொத்தாக்கியது. மாடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் ஏழைக்கு இருந்த இடம் போயிற்று. அந்த ஊரில் 1793இல் விவசாயக் கூலியின் மகனாகப் பிறந்த கவிஞர் ஜான் கிளேர் அந்த இழப்பை வாழ்நாளெல்லாம் எழுதினார். ஏக்கர் கணக்கில் இந்த வலி தெரியுமா? வேலிக்கு முன்னும் பின்னும் ஏக்கர் ஒன்றுதானே!

எண்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வில்சன் தரும் மக்கள்தொகை பெரும்பாலும் 1861 கணக்கு. அட்டையில் உள்ள ஆண்டு வேறு. திருச்சபையின் பாரிஷும் வரி வசூலுக்கான பாரிஷும் பல இடங்களில் ஒரே எல்லை கொண்டவை அல்ல. மாவட்டமும் மாறும். ஹெல்ப்ஸ்டன் அன்று நார்தாம்ப்டன்ஷயர், இன்று கேம்பிரிட்ஜ்ஷயர்.

அப்படியானால் எங்கே தேடுவது? 1538 ஆணைக்குப் பிறகு எழுதப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் ஏழையின் பெயரும் உண்டு. 1601 ஏழையர் சட்டத்தின்படி யாருக்கு எத்தனை காசு உதவி கொடுத்தார்கள் என்பது கணக்கேடுகளில் இருக்கிறது. 1836 சட்டத்தையொட்டி வரைந்த தசமபாக வரைபடங்கள் நிலம் யாருடையது, அதை அனுபவித்தவர் யார் என்று இரண்டையும் சொல்கின்றன. 1841 முதல் குடிக்கணக்கில் ஆள் ஆளாகப் பெயரும் தொழிலும் வருகின்றன. எல்லா ஊருக்கும் எல்லாம் மிஞ்சியிருக்காது. மிஞ்சியதைத் தேடிப் படிப்பதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

கெஜட்டியரை முதல் நாள் திறங்கள், தப்பில்லை. அதோடு மூடிவிட்டு ஊரையே அறிந்துவிட்டதாகப் பேசாதீர்கள். மறுப்பவர்கள், கவிஞர் ஆகாத ஒரே ஒரு கூலிக்காரரின் பெயரை அந்தப் பக்கத்தில் காட்டட்டும். பிறகு பேசலாம்.