ஐம்பதிலும் வளையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆசிரியர் அறைகளில் இதனைக் காட்டிலும் மிகுதியாகப் பயன்படும் பழமொழி வேறொன்று உண்டா என்பது ஐயமே. மூன்றாம் ஆண்டு முடிந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் சிறுவனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இம்மொழி உடனே வந்து நிற்கிறது. அடங்காத மாணவனைப் பற்றிப் பேசினாலும் இதுவே முடிவுரையாகிறது. பழமொழி சொல்லப்பட்டதும் பேச்சு ஓய்ந்துவிடுகிறது. இனி யாரும் எதுவும் செய்ய வேண்டுவதில்லை என்னும் நிம்மதியும் உடன் பிறந்துவிடுகிறது.

முன்னோர் இதனை வினாவாகவே விட்டுச் சென்றனர். பின்வந்தோர் வினாக்குறியை அழித்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டனர். இளமையிலேயே நல்வழிப் பழக்குக என்று பெற்றோரை விழிப்பூட்ட எழுந்த மொழி, பிந்தியவனைக் கைகழுவுவதற்கு உதவும் தீர்ப்பாக மாறிவிட்டது. இது மரத்தை உவமையாகக் கொண்ட மொழி. ஆதலின் மரத்தையே சான்றுக்கு அழைப்பது முறையாகும். மரத்தை வளைப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டோர் ஜப்பானில் உளர். அவர்தம் கைகள் இவ்வினாவிற்கு என்ன விடை தருகின்றன?

போன்சாய் என்னும் சொல்லில் 'போன்' என்பது ஆழமற்ற தட்டையும், 'சாய்' என்பது நடப்பட்டதையும் குறிக்கும். சீனத்தில் வேர்கொண்ட இக்கலை ஜப்பானில் தனி மரபாகச் செழித்தது. 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கம் தோக்கியோவைச் சிதைத்த பின்னர், அந்நகரத்துப் போன்சாய்த் தொழிலர் சிலர் 1925இல் ஓமியாவில் குடியேறிப் போன்சாய்ச் சிற்றூர் ஒன்றையே அமைத்தனர். அம்மரபில் நேராக நிற்கும் மரத்தின் வடிவம் சோக்கான் எனப்படும். வளைந்து வளைந்து மேலெழும் வடிவம் மோயோகி எனப்படும். மோயோகியின் வளைவுகள் மனம்போன போக்கில் அமைவன அல்ல. அடியில் பெரிதாகத் தொடங்கும் வளைவு மேலே செல்லச் செல்லச் சிறுத்துவரும். கிளைகள் வளைவின் வெளிப்புறத்தினின்று பிரியும். எத்தனை வளைவுகள் இருப்பினும், நுனி மீண்டும் வேரடிக்கு நேர்மேலே வந்து நிற்கும். காற்றும் பனியும் மலைச்சரிவில் ஒரு மரத்திற்குப் பல்லாண்டுகளில் செய்வதையே மனிதன் இங்கே செய்ய முயல்கிறான்.

அவன் அதனை எவ்வாறு செய்கிறான் என்பதே கருதத்தக்கது. முதலில் அவன் கம்பியை எடுப்பதில்லை. மேல்மண்ணை விலக்கி வேர் பிரியும் இடத்தைப் பார்க்கிறான். தட்டைச் சுழற்றிச் சுழற்றி, அம்மரம் எப்பக்கம் சாய விரும்புகிறது என்று நோக்குகிறான். பின்னரே அலுமினியக் கம்பியையோ பதமாக்கிய செப்புக் கம்பியையோ கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு அளவினதாகத் தேர்ந்து, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் சுற்றுகிறான். வளைவின் வெளிப்புறத்தில் கம்பி அணைந்து நிற்குமாறு அமைத்துக்கொண்டு, இரு கட்டைவிரல்களையும் ஊன்றி மெல்ல வளைக்கிறான். மரத்தினின்று நெரியும் ஒலி கேட்டால் அன்றைய வேலை அவ்வளவே, கையை எடுத்துவிடுகிறான்.

வளைத்தவுடன் மரம் வளைந்துவிட்டதா? இல்லை. அப்பொழுதே கம்பியை எடுத்துவிட்டால் கிளை பழைய நிலைக்கே மீளும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படலம் வளைந்த நிலையிலேயே புதுக்கட்டையை அடுக்கடுக்காக உண்டாக்க வேண்டும். நெரிந்த இழைகள் ஆற வேண்டும். அதன்பின்னரே வளைவு நிலைபெறும். கை திசையை மட்டுமே காட்டுகிறது. வளைவை ஆக்குவது மரமே. இலையுதிர் மரங்களில் இதற்குச் சில மாதங்கள் போதும். பைனும் ஜூனிப்பரும் ஓராண்டுக்கு மேலும் கேட்கும். மீண்டும் மீண்டும் கம்பி சுற்றவும் வேண்டிவரும்.

காத்திருப்பது என்பது கண்மூடிச் சும்மா இருப்பதும் அன்று. கிளை பருக்கப் பருக்கக் கம்பி பட்டையில் புதையும். ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் நிறைந்த மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சில வாரங்களிலேயே அது புதைந்துவிடக்கூடும். புதைந்த தழும்பு மறையப் பல்லாண்டுகள் ஆகும். சில தழும்புகள் மறைவதே இல்லை. எனவே தேர்ந்தவன் அடிக்கடி வந்து பார்க்கிறான். காலம் கனிந்ததும், கிளை முறியாதிருக்கக் கம்பியைச் சுழற்றி உருவாது, துண்டு துண்டாக நறுக்கியே எடுக்கிறான்.

இனி ஐம்பதின் கதைக்கு வருவோம். முப்பது, நாற்பது ஆண்டுகள் மலையில் வளர்ந்து தடித்த ஜூனிப்பர் மரங்களையும் வளைக்கிறார்கள். நனைத்த ராஃபியா நாரைத் தண்டின்மேல் இறுகச் சுற்றுவர். வெளிப்புறத்தில் நெடுக்காகக் கம்பிகளைப் பதித்து, மேலே தடித்த கம்பியைச் சுற்றுவர். திருகு கொண்ட இரும்புக் கருவியைப் பொருத்தி, இன்று சிறிது, சில நாள் கழித்து மேலும் சிறிது என முறுக்கி வருவர். முதிர்ந்த தண்டும் பணிகிறது. ஐந்திற்கும் ஐம்பதிற்கும் உள்ள வேறுபாடு இயலும், இயலாது என்பதன்று. மெல்லிய கம்பி போதுமா, நாரும் திருகும் வேண்டுமா என்பதும், ஒரு பருவமா, பல ஆண்டுகளா என்பதுமே வேறுபாடு.

எவ்வகையிலும் வளையாத மரமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மிகத் தடித்ததும் எளிதில் முறிவதுமான தண்டை எக்கருவியும் வளைக்காது. ஆயினும் தேர்ந்தவன் அதனை வேலிக்கு வெளியே எறிவதில்லை. நடும் சாய்வை மாற்றுகிறான். முகப்பை வேறு பக்கம் திருப்புகிறான். தென்சீனத்து லிங்னான் மரபினரோ தண்டைத் தறித்து, தழைத்துவரும் புதுக்கிளையைத் தலைமையாக வளர்த்து, அதனையும் தறித்து, வெட்டாலும் வளர்ச்சியாலுமே வளைவை உண்டாக்குகின்றனர். வளையாத மரத்திற்கும் வழி உண்டு என்றிருக்க, மாணவனுக்கு மட்டும் இல்லையா?

மரத்தை முறுக்குவதே கொடுமை, அதனைப் பிள்ளைகளுக்கு உவமையாக்குவது அதனினும் கொடுமை எனச் சிலர் வாதிடுவர். 1625ஆம் ஆண்டு முதல் பழக்கப்பட்டு வரும் வெண்பைன் ஒன்று, 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த இடத்திற்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், ஒரு மதிலின் மறைவில் பிழைத்தது. யாமாக்கி குடும்பத்தினர் அதனை 1976இல் அமெரிக்காவிற்கு வழங்கினர். வாஷிங்டனில் இன்றும் அது பசுமையாக நிற்கிறது. கொடுமைக்கு ஆளான மரம் நானூறு ஆண்டுகள் தழைப்பதில்லை. அதற்கு முதலில் வடிவம் தந்தவன் அதன் இன்றைய தோற்றத்தைக் கண்டவன் அல்லன். கொடுமை வளைப்பதில் இல்லை, அவசரத்தில்தான் இருக்கிறது. மாணவன் மரம் அல்லன் என்பது உண்மையே. மரத்திற்கு வாய் இல்லை. எங்கே வலிக்கிறது என்று மாணவன் சொல்லக்கூடியவன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அவசரம் விளைவிக்கும் பொருளையும் கடைகளில் காணலாம். ஏற்றுமதிக்கென ஆயிரக்கணக்கில் வளர்க்கப்படும் சிறு மரங்கள் ஒரே அளவாக இருமுறை வளைக்கப்பட்டு, ஆங்கில 'எஸ்' எழுத்தைப்போல் வரிசையாக நிற்கின்றன. ஒன்றைக் கண்டால் அனைத்தையும் கண்டதாகும். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்வித்துத் தேர்வறைக்கு அனுப்பும் வகுப்பும் இத்தகைய தோட்டமே. முப்பது மாணவர், முப்பது கட்டுரைகள், வளைவு ஒன்றே.

மலேசியாவில் 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டு வயதில் பிள்ளைகளைத் தரம்பிரித்த தேர்வு போயிற்று. தீர்ப்பெழுதும் பழக்கம் போகவில்லை. பன்னிரண்டு வரை காத்திருந்த தீர்ப்பு இன்று ஒன்பதிலேயே வாய்மொழியாக வழங்கப்படுகிறது.

நீர் ஊற்றக் கற்பதற்கே மூன்றாண்டு என்பது ஜப்பானியத் தோட்டங்களில் வழங்கும் மொழி. மரத்தைத் தொடுமுன் அதன் தாகத்தை அறிய வேண்டும் என்பது அதன் பொருள். பயிற்சி பெற்று வெளிவரும் ஒவ்வோர் ஆசிரியரும் நெஞ்சில் நிறுத்தத்தக்க மொழி இது. தடுமாறும் சிறுவனுக்கு நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு பத்தியை உடனிருந்து படிப்பிக்கும் ஆசிரியர், நாள்தோறும் சிறிது திருகும் கையை உடையவர். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. முதல் மாதத்திலும் தெரியாமற் போகலாம். அதனால் கம்பியை அகற்றிவிட்டு, "இது வளையாது" என்று சொல்பவர் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. தம் பொறுமையின் அளவைப் பற்றியே பேசுகிறார்.

பழமொழி இருக்கட்டும், அதனை மறக்க வேண்டுவதில்லை. அழிக்கப்பட்ட வினாக்குறியை மட்டும் மீண்டும் இடுக. அடுத்தமுறை ஆசிரியர் அறையில் "ஐம்பதில் வளையுமா?" என்று ஒருவர் கேட்டால், அருகிலிருப்பவர் அதற்கு விடை கூறுக: வளையும், ஆனால் நாள் பிடிக்கும்.