'வெயிலில் போகாதே': யாருக்கான மருந்துச்சீட்டு?

லூபஸ் என்ற நோயில், கிருமிகளோடு மோத வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல் சொந்த மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 44 வயதுக்குள் தொடங்குகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா பகுதியில் எடுத்த கணக்கு 2014இல் வெளியானது. கறுப்பினப் பெண்களிடம் இந்நோய் புதிதாகத் தோன்றும் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. மரபணுவை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. வறுமையும் தாமதமான சிகிச்சையும் நோயை முற்ற வைக்கின்றன. இனத்தைக் கேட்டு எண்ணியதால்தான் இந்த ஏற்றத்தாழ்வு வெளியே தெரிந்தது.

இப்போது செங்கல்பட்டுக்கு வருவோம். லூபஸ் நோயாளிக்கு மருத்துவர் தரும் முக்கிய அறிவுரை, 'வெயிலில் போகாதீர்கள்'. புற ஊதாக் கதிர் நோயைத் தூண்டிவிடும். மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளிடம் பாசிமணி விற்கும் பூஞ்சேரி நரிக்குறவர் பெண்ணும், செங்கல் சூளையில் கல் அறுக்கும் இருளர் பெண்ணும், நாற்று நடும் தலித் பெண்ணும், கருவாடு காயவைக்கும் மீனவப் பெண்ணும் இதை எப்படிக் கடைப்பிடிப்பார்கள்? நிழலில் இருப்பதென்றால் அன்றைய கூலியை இழப்பது. யார் வெயிலில் நிற்க வேண்டும் என்பதை இந்த மண்ணில் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் இதே கதைதான். கன்னத்தில் படரும் தடிப்பு 'சிவப்பு' என்று பாடநூல்கள் சொல்கின்றன. கறுத்த தோலில் அது கருமையாகவே தெரியும். 'வெயிலில் கறுத்துட்டா' என்று ஊரும் கடந்துபோகும், அவசரத்தில் பார்க்கும் மருத்துவரும் கடந்துபோவார். அதற்குள் சிறுநீரகம் பழுதாகிவிடலாம்.

தீர்வு எட்டாத உயரத்தில் இல்லை. கொரோனாக் காலத்தில் டிரம்ப் கேட்டு வாங்கிய ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான் லூபஸின் அடிப்படை மருந்து, இந்தியாவிலேயே தயாராகிறது. சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே அறிய, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் பரிசோதனையைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது. மூட்டுவலி, விடாத காய்ச்சல், முடி உதிர்வு என்று வரும் ஒவ்வொரு இளம்பெண்ணுக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்யட்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. லூபஸ் மாத்திரையும் அந்தப் பையில் ஏறட்டும்.

கூடவே சாதி, தொழில், மருத்துவமனைக்கு உள்ள தூரம் மூன்றையும் கணக்கெடுக்க வேண்டும். மருத்துவமனையில் சாதி கேட்டால் தீண்டாமை நுழையாதா என்ற அச்சம் நியாயமானது. அதனால் சிகிச்சைச் சீட்டில் எழுதாமல், பெயரில்லாத தனிப் பதிவேட்டில் எடுக்கட்டும். இடஒதுக்கீட்டுக்குக் கணக்குக் கேட்கும் நாம், உயிருக்கும் கணக்குக் கேட்போம்.