வராத ராஜுவும் வந்த சேனாபதியும்

1973ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி தமிழ்நாட்டில் வெளியாகி, பிறகு கடல் கடந்து எங்கள் பினாங்குத் தீவுக்கும் வந்து சேர்ந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' என்னும் திரைப்படத்தைக் காண்பதற்காக, சுங்கை பினாங் ஆற்றங்கரையிலிருந்து பினாங்கு ரோட்டுத் தியேட்டர் வரை நடந்தே போன சிறுவர் கூட்டத்தில் அடியேனும் ஒருவன். கையில் காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே கடலை. காலில் அண்ணனுடைய செருப்பு. படம் முடிந்து, ஜனங்கள் இருட்டில் தத்தம் செருப்பைத் தேடிக் கொண்டிருந்த சமயத்தில், 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று அடுத்த படத்தின் பெயர் திரையில் தோன்றிற்று. செருப்பைத் தேடியவர்கள் தேடுவதை நிறுத்தி நிமிர்ந்தார்கள்.

அந்த ராஜு வரவே இல்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் பெரியப்பா, நான் நச்சரிக்கும் போதெல்லாம், "ராஜு கப்பல்ல வர்றாண்டா, அதான் லேட்டு" என்று சமாதானம் சொல்லுவார்.

கப்பலைத் தாமதப்படுத்தியது அரசியல். 1972 அக்டோபரில் தனிக் கட்சி கண்டுவிட்ட கதாநாயகர் எம்.ஜி.ஆர்., 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தை வெளியிடுவதையே ஒரு யுத்தமாக நடத்த வேண்டியிருந்தது. படம் வெளிவந்தால் சேலை கட்டிக் கொள்வதாக தி.மு.க.வைச் சேர்ந்த மதுரை முத்து சவால் விட்ட கதை பிரசித்தமானது. படம் வெளிவந்தது, அதே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் கட்சியும் ஜயித்தது, 1977இல் கதாநாயகரே முதலமைச்சராகிக் கோட்டைக்குப் போய்விட்டபின், ஆப்பிரிக்காவுக்குப் போவதற்கு ராஜுவுக்கு ஏது அவகாசம்?

ஆனால் எங்களுக்கு அந்த ஏமாற்றத்தில் ஒரு பிரத்தியேகமான வருத்தம் உண்டு. மின்னலின் சக்தியைச் சேகரிக்கும் வித்தையைக் கண்டுபிடித்த விஞ்ஞானி முருகனைத் தேடி அவன் தம்பி ராஜு அலைந்த ஹாங்காங்கும் தாய்லாந்தும், 1970இல் ஒசாகா நகரில் நடந்த எக்ஸ்போ கண்காட்சியும், மாயவரத்திலும் மானாமதுரையிலும் இருந்தவர்களுக்கு அதிசய லோகமாகத் தோன்றியிருக்கலாம். லோரோங் பர்மாவின் சயாமியக் கோயிலில் சயனித்திருக்கும் புத்தரைப் பள்ளிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து வளர்ந்த எங்களுக்கோ அது அண்டை வீட்டுச் சமாசாரம். எங்கள் வரையில் மெய்யான தூர தேசம் ஆப்பிரிக்காதான். உலகம் சுற்றக் கிளம்பியவர் எங்கள் வட்டாரத்தைச் சுற்றி முடித்துவிட்டு, நாங்கள் அறியாத உலகத்தைக் காட்டப் புறப்படும் தருணத்தில் பிரயாணத்தை ரத்துச் செய்துவிட்டார்.

நிற்க. நெடுங்காலம் கழித்து வரும் தொடர்ச்சிப் படங்களைப் பற்றிப் பேசும் விமரிசகர்கள், கதாநாயகனுடைய வயதைத்தான் முதற் குற்றமாக எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய குற்றமாகப் படவில்லை. 1917இல் பிறந்த எம்.ஜி.ஆருக்கு, 'வாலிபன்' வெளிவந்த ஆண்டில் 56 வயது. தலைப்பைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. சாகசக் கதையில் யௌவனம் என்பது தேகத்தில் இருப்பதன்று. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்கள் மனமுவந்து அளிக்கும் வரம். அந்த வரத்தை நம்பாமல் இயந்திரத்தை நம்பும்போதுதான் விபரீதம் நேர்கிறது. 1981இல் சாட்டையும் தொப்பியுமாகக் கிளம்பிய இண்டியானா ஜோன்ஸ், 2023இல் ஐந்தாம் முறையாக வந்தபோது, எண்பது வயது ஹாரிசன் ஃபோர்டின் முகத்தைக் கம்ப்யூட்டரால் சலவை செய்து, 1944ஆம் ஆண்டின் ரயில் வண்டியில் ஓட விட்டார்கள். முகம் இளைஞனுடையது, குரலோ கிழவருடையது. இயந்திரத்தின் உதவி தீர்ந்து, தள்ளாத வயதில் தனியே குடியிருக்கும் பேராசிரியராக அவர் எழுந்து வந்த பிறகே எனக்கு அந்தப் படத்தில் சிரத்தை பிறந்தது.

நம்முடைய ராஜுவையும் இவ்விதம் எழுப்பப் பார்த்தார்கள். 2018 ஜனவரி 17ஆம் தேதி, எம்.ஜி.ஆரின் பிறந்த நாளன்று, ரஜினிகாந்தும் கமல் ஹாசனும் வந்து வாழ்த்த, 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்ற அதே பெயரில் ஓர் அனிமேஷன் படத்துக்குச் சென்னையில் துவக்க விழா நடந்தது. ஆண்டுகள் பல கழிந்தும் அந்த ராஜு கரையேறவில்லை. எனக்கு அதில் துக்கமும் இல்லை. ஆப்பிரிக்காவின் வெயிலில் ராஜுவாக ஒரு நாள்கூட நிற்காத அந்த முகத்தில் வியர்வையை யார் வரைந்து தருவது?

வந்தவர் சேனாபதி. 1996இல் 'இந்தியன்' படத்தில் தோன்றிய அந்தக் கிழவர், 28 ஆண்டுகளுக்குப் பின் 2024 ஜூலை 12ஆம் தேதி மறுபடியும் வந்தார். நேதாஜியின் படையில் போரிட்டவர் என்றால் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டுமே என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. நூற்றிருபது வயது என்றாலும் நான் நம்பத் தயார். அவருடைய வர்மக் கலையை நம்பியவனுக்கு வயதை நம்புவதா சிரமம்? இரண்டாம் பாகத்தின் மேல் என் மனஸ்தாபம் வேறு. அந்த மனிதர் எங்கிருந்து வந்தவரோ அந்த இடத்தையே படம் கைவிட்டு, சமூக ஊடகத்தின் அழைப்புக்காகத் தைப்பேயிலிருந்து விமானம் ஏறும் ஒரு வேஷத்தை மாத்திரம் மிச்சம் வைத்தது.

அவர் வந்த இடம் எங்கள் மண். நேதாஜியின் படையான இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உழைத்த தமிழர்கள். 1942இல் இந்தப் பினாங்கிலேயே, வழக்கறிஞர் என். ராகவனின் மேற்பார்வையில், இந்திய சுயராஜ்ய நிறுவனம் என்ற பெயரில் ஒரு பயிற்சிக்கூடம் நடந்தது. வேவு பார்க்கவும் ரகசியச் செய்தி அனுப்பவும் அங்கே இளைஞர்கள் பழகினார்கள். அவர்களில் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட ஒரு குழுவை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மலையாளக் கரையில் தானூருக்கு அருகே கொண்டு போய் இறக்கிவிட்டது. கரையேறியவர்கள் பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10ஆம் தேதி, சென்னை மத்தியச் சிறையில், காதரும் தோழர்கள் சிலரும் தூக்கிலிடப்பட்டார்கள். காதருக்கு அப்போது வயது இருபத்தாறுதான். சுங்கை பினாங் கலக்கும் இதே கடலில், வானத்தைப் பார்க்க முடியாத ஓர் இரும்புக் கூட்டுக்குள் ஊர் திரும்பிக் கொண்டிருந்த அவர்கள் என்ன பேசிக் கொண்டு போயிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

'இந்தியன் 2' முடிந்ததும், 1973இல் நடந்தது போலவே, அடுத்த பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். அதில் சுதந்திரப் போராட்டக் காலம் தெரிந்தது. நானும் இருக்கையில் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை முடிப்பவர்களுக்கோ, இனி இவ்விதக் கதையை எடுக்கத் துணிபவர்களுக்கோ ஒரு விண்ணப்பம்: முகத்தைச் சலவை செய்வதற்கென ஒதுக்கிய திரவியத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொண்டு, ஒரு வாரம் பினாங்குக்கு வாருங்கள். துறைமுகத்தையும் ஆற்று முகத்துவாரத்தையும் நான் காட்டுகிறேன். கோப்பிச் செலவு என்னுடையது.