நமக்கு யாரைத் தெரியும்?



“பிள்ளை படித்து முடித்துவிட்டான், ஆனால் நமக்கு யாரைத் தெரியும்?” என்று முகையூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பெற்றோர் பலர் பெருமூச்செறிவதை நாம் அறிவோம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு, எந்த நிறுவனத்தில் என்ன வேலை உண்டு என்று எடுத்துச்சொல்ல மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு எளிதில் வாய்த்துவிடும் அறிமுகங்களை இவன் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அறிமுகம் தேடுவது இழிவன்று. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தாம் இன்னும் சென்றிராத அந்நகரத்துத் திருச்சபைக்கு, கெங்கிரேயாவில் தொண்டாற்றிய பெபேயா என்னும் பெண்மணியை அவர் அறிமுகம் செய்கிறார். வேண்டிய உதவிகளைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறார். பின்னர் 20-க்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார்.

அன்று கடிதம் செய்த பணியை இன்று சமூக ஊடகமும் செய்கிறது. 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லிங்க்டுஇன் தொழில்முறைத் தொடர்புக்கென்றே அமைந்தது. அதில் கட்டணமின்றித் தம் படிப்பையும் பயிற்சியையும் அனுபவத்தையும் எவரும் பதியலாம். தம் துறையில் பணிபுரிவோரைத் தேடி மடல் எழுதலாம். முதல் மடலிலேயே “வேலை வாங்கித் தாருங்கள்” என்று கேட்பது பெரும்பாலும் பயன் தராது. தாம் யார், எதைக் கற்றவர் என்பதை நான்கு வரிகளில் கூறி, “இத்துறைக்கு வருவோர் முதலில் எதைக் கற்க வேண்டும்?” என்பது போன்ற ஒரே கேள்வியைக் கேட்பது நன்று. விடை வந்தால் நன்றி கூற வேண்டும். அவர் சொன்னதைக் கற்றபின், கற்றதைத் தெரிவித்து மீண்டும் எழுத வேண்டும். அறிமுகம் நட்பாக முதிர்வது அவ்வாறே.

பதிவது யாவும் உண்மையாயிருத்தல் வேண்டும். அறியாத தொழிலை அறிந்ததாக எழுதுபவர் தமக்குத் தாமே பொய்ச்சான்று அளிக்கிறார். நேர்முகத் தேர்வில் அது வெளிப்பட்டுவிடும். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட், 2011-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு, மின்னணு யுகத்தில் உண்மையும் வாழ்வின் நம்பகத்தன்மையும் என்னும் பொருளைத் தேர்ந்துகொண்டதை இங்கு நினைவிற்கொள்வோம்.

மறுபுறம், நம் பிள்ளைகளைத் தேடி வருவோர் எல்லாரும் நல்லோர் அல்லர். தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து, இளைஞரைக் கள்ளத்தனமாக மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி செய்யுமாறு வதைத்த கும்பல்களைக் குறித்து நம் வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர் 24 அன்று எச்சரித்தது. அவ்வாண்டு அங்கிருந்து மீட்கப்பட்டோரில் தமிழக இளைஞரும் இருந்தனர். ஆகவே வெளிநாட்டு வேலை என்று யாரேனும் அழைத்தால், அம்முகவர் பதிவு பெற்றவரா என்பதை அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்தறிய வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து வேலையில் சேரலாம் என்றால் மறுத்துவிட வேண்டும். இணையத்தில் பணம் பறிகொடுத்தவர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

கரைபிடித்து அழைத்துச் செல்லத் தெரிந்தவர் எவரும் இல்லாத பிள்ளைதான் இத்தகைய வலையில் எளிதில் விழுகிறான். எனவே சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் நற்பணியில் அமர்ந்துள்ள நம் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போது, பங்கின் இளைஞர் ஒருவரோடு அரைமணி நேரம் அமர்ந்து அவருடைய பக்கத்தைத் திருத்திக்கொடுங்கள். அவருடைய திறமையை நேரில் கண்டறிந்தபின், உங்கள் துறையினர் ஒருவருக்கு அவரைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். பெபேயாவுக்காகப் பவுல் எழுதியது அவ்வளவே. “நமக்கு யாரைத் தெரியும்?” என்று கலங்கும் பெற்றோருக்கு, “உங்களுக்கு எங்களைத் தெரியுமே” என்று பங்குக் குடும்பம் விடை சொல்லட்டும்.