எதை மறைக்கிறார்கள் என்று பாருங்கள்

மனித உரிமைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் நம்மிடம் ஏராளம். போராடும் முறைகள்தான் மிகக் குறைவு. கண்டன முழக்கம், ஒருநாள் ஆர்ப்பாட்டம், ஆட்சியரிடம் மனு. பிரச்சினை கொத்தடிமை முறையானாலும் காவல் நிலைய மரணமானாலும் இதே வரிசைதான். ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள் 1990-களில் நடத்திய போராட்டத்தை நாம் திரும்பப் படிக்க வேண்டியது இதனால்தான்.

1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' தொடங்கப்பட்டது. ஐ.ஏ.எஸ். பணியைத் துறந்த அருணா ராயும் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் உழைக்கும் மக்களோடு சேர்ந்து கட்டிய இயக்கம் அது. வறட்சி நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. அப்படிக் குறைத்துக் கொடுப்பது கட்டாய உழைப்பு வாங்குவதே என்று, ராஜஸ்தானிலிருந்து வந்த வழக்கிலேயே 1983-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு கையில் இருந்தும் கூலி வரவில்லை. 1990-லும் 1991-லும் பீமில் உண்ணாவிரதம் இருந்தார்கள். வாக்குறுதிகள் மட்டுமே மிஞ்சின.

'நீங்கள் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது' என்பதே அதிகாரிகளின் பதில். பதிவேட்டைக் கேட்டால், அது அரசு ரகசியம். பட்டினி கிடப்பவரின் உடல் ஒரு அதிகாரியின் மனசாட்சியைத் தொடலாம். அலமாரிக்குள் இருக்கும் மஸ்டர் ரோலை, அதாவது வருகையும் கூலியும் எழுதும் அந்தப் பதிவேட்டை, தொடாது. கூலியைத் தின்றது அந்தக் காகிதம். அதைக் கண்டுகொண்ட பிறகு இயக்கத்தின் பாதையே மாறியது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. ஆவணங்களைப் பார்க்க இளம் அதிகாரி ஒருவர் அனுமதித்திருந்தார். ஊர்க்கூட்டத்தில் மஸ்டர் ரோல் உரக்க வாசிக்கப்பட்டது. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. தொடர்ந்து மற்ற ஊர்களில் நடந்த விசாரணைகளில், இறந்துபோனவர்களும் கூலி 'வாங்கியிருந்தார்கள்'.

இந்த உத்தியின் அருமை அது யாருடைய பலத்தைப் பயன்படுத்தியது என்பதில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும், தான் எந்தக் குளத்தில் எத்தனை நாள் மண் சுமந்தோம் என்பது தெரியும். வழக்கறிஞரோ நிபுணரோ அவருக்காகப் பேசத் தேவையில்லை. எதிர்த்தரப்பாலும் மறுக்க முடியாது, ஏனென்றால் வாசிக்கப்படுவது அவர்களே எழுதிய கணக்கு. உண்ணாவிரதம் போராடுபவரின் உடலைப் பணயம் வைத்தது. மக்கள் விசாரணையோ திருடியவரின் நற்பெயரை அவர் ஊரிலேயே பணயம் வைத்தது.

ஆவணங்களின் நகல் தரப்படும் என்று 1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் அது நடைமுறைக்கு வரவில்லை. 1996 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நெருங்கும் நேரத்தில், வணிக நகரமான பியாவரில் 40 நாள் தர்ணா தொடங்கியது. கிராமங்கள் தானியம் தந்தன. ஆட்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள். நகரத்துக் கடைக்காரர்களும் உதவினார்கள். கூலிப் பிரச்சினை என்றால் வியாபாரி ஏன் வரப் போகிறார்? ஆனால் 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற முழக்கம் அவருக்கும் உரியதாக இருந்தது. கணக்கைக் கேட்ட அந்தக் குரல் தகவல் உரிமைக்கான கோரிக்கையாக வளர்ந்தது. 1997-ல் தமிழ்நாடு தகவல் உரிமைக்கு முதல் மாநிலச் சட்டம் இயற்றியது. விலக்குகளால் நிரம்பிய சட்டம் அது. ராஜஸ்தான் சட்டம் 2000-லும் மத்தியச் சட்டம் 2005-லும் வந்தன.

அந்த மத்தியச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை, 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்துகிறது. தனிப்பட்ட தகவல் என்று சொல்லியே தரவை மறுக்க அது வழிசெய்கிறது. பொதுநலனுக்காகத் தகவல் தர 8(2) பிரிவு இன்னும் இடமளிக்கிறது என்றாலும், அதற்காக வாதாட வேண்டிய சுமை கூலிக்காரரின் தலையில்தான் விழும். மஸ்டர் ரோலில் இருப்பவை பெயர்கள். பெயரை மறைத்துவிட்டுப் பட்டியலை வாசித்தால், எந்த ஊரில் யார் எழுந்து நின்று 'அது நான் இல்லை' என்று சொல்வார்? தகவல் உரிமைக்காகப் பேசுபவர்கள் இன்று கூட வேண்டியது இந்த ஒரு பிரிவைச் சுற்றித்தான். அதுவும் தலைநகரில் மட்டுமல்ல, நூறு நாள் வேலைக் கணக்கு எழுதப்பட்ட ஒவ்வொரு கிராம சபையிலும்.