விடை காணா வினாவும் நம் மாணவரும்

தமிழாசிரியர்க்குப் பௌதிகவியலில் என்ன வேலை எனச் சிலர் வினவுதல் கூடும். மாணவரின் அறிவுவேட்கை எத்துறையிற் குன்றினும் அஃது ஆசிரியர் அனைவர்க்கும் உரிய கவலையே என்பது எம் விடை.

1950ஆம் ஆண்டில் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அன்றுதொட்டு நம் மலையாறுகள் ஈன்ற மின்சாரம் கொழும்பு நோக்கிச் செல்கின்றது. செல்லும் வழியிற் கம்பியின் தடையால் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகின்றது. தடையே அற்ற பொருளும் உலகில் உண்டு. அதனை மீகடத்தி என்பர். 1911இல் ஒல்லாந்து அறிஞர் கமர்லிங் ஓன்ஸ், இரசத்தைச் சுழியத்துக்குக் கீழ் 269 பாகை செல்சியஸ் அளவிற் குளிர்வித்து இப்பண்பைக் கண்டார். இலத்திரன்கள் இணைகளாய்ச் செல்வதே இதன் காரணம் என்றும், பளிங்கின் அதிர்வே அவற்றை இணைக்கின்றது என்றும் 1957இல் பார்டீன், கூப்பர், சிறீபர் ஆகிய மூவர் விளக்கினர்.

1986இல் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் செப்பு ஒட்சைட்டுச் சேர்வை ஒன்றில், முன்னறியாத உயர்வெப்பநிலையில் இப்பண்பைக் கண்டபோது, பழைய விளக்கம் போதாதாயிற்று. மறுவருடம் அமெரிக்க அறிஞர் பிலிப் அண்டர்சன் புதியதொரு கருத்தை முன்வைத்தார். அதனை அவருடன் வளர்த்தவருள் ஒருவர், பின்னர்ச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்திற் பணியாற்றிய தமிழர் கணபதி பாஸ்கரன். செப்பணுக்களில் ஒன்றையொன்று விலக்கி நிற்கும் இலத்திரன்கள், எதிரெதிர்ச் சுழற்சியால் அயலவற்றோடு முன்னரே இணைந்துள்ளன. சிலவற்றை நீக்கி இடம் ஏற்படுத்தின் அவ்விணைகள் தடையின்றி ஓடும் என்பதே அக்கருத்தின் சாரம். வேறு விளக்கங்களும் உள. யாவரும் ஒப்பும் முடிவு இன்றளவும் இல்லை.

விடை எழுதவே பயிற்றும் நாம், விடையில்லா வினாவை மாணவர்க்குக் காட்டுவதில்லை. ஆதலின் அறிவியல் என்பது பிறர் எழுதி முடித்த கதை என லயத்துப் பிள்ளை எண்ணிவிடுகின்றது. மின்கம்பிகள் தலைக்கு மேலே சென்றிருந்தும் நம் லயங்கள் பல பல்லாண்டு மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. அறிவும் அவ்வாறு தலைக்கு மேலாய்ப் போதல் தகாது.

பரீட்சைக்கு உதவாததற்கு நேரம் ஏது என்பர். தவணைக்கு ஒரு பாடவேளை போதும். விஞ்ஞானம் கற்ற பழைய மாணவர் வந்து, தத்தம் துறையில் இன்னும் தீராத வினா ஒன்றைத் தமிழில் எடுத்துரைப்பாராக. இவ்விழா ஆண்டில் கல்லூரிக்கு அவர் அளிக்கத்தக்க காணிக்கை இதனினும் பெரிதில்லை என்பது எம் துணிபு.